கண் ஓடும் திசை

புத்தகக் கடையில் நூல்களின் முதுகில் அச்சிட்ட தலைப்புகளைப் படித்துக்கொண்டே நடந்தால் ‘கண்ணோட்டம்’ என்ற சொல் அடிக்கடி தட்டுப்படும். மார்க்சியக் கண்ணோட்டம், பெண்ணியக் கண்ணோட்டம், அறிவியல் கண்ணோட்டம். ஆங்கிலத்தின் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்ற சொல்லுக்கு ஈடாகத் தமிழ் உரைநடை பழகிக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று. அதே நினைப்போடு ஒருவர் திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் திகைத்துப்போவார். தலைப்பு கண்ணோட்டம்தான். உள்ளே பார்வைக் கோணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பத்துக் குறளும் இரக்கத்தைப் பற்றியவை.

பரிமேலழகர் அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டுகிறார். பழகிய ஒருவரைக் கண்டதும் அவர் சொல்வதை மறுக்க முடியாமல் போகும் நிலைக்குத்தான் கண்ணோட்டம் என்று பெயர். கண் அவர்மேல் சென்றதால் விளைவது என்பதே பெயரின் காரணம். இன்றைய பேச்சில் இதற்கு முகதாட்சண்யம் என்று பெயர். கைமாற்று கேட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்தபிறகு ‘இல்லை’ என்ற சொல் நாக்கில் வராமல் நிற்குமே, அது.

பழைய கண்ணோட்டத்தில் கண் எதிரில் இருப்பவரை நோக்கி ஓடியது. புதிய கண்ணோட்டத்தில் அது ஓடுவதில்லை. தான் நிற்கும் இடத்தில் நின்றபடி மற்றவற்றை அளக்கிறது. சொல் மாறவில்லை, ஓட்டம்தான் நின்றுபோயிற்று.

வள்ளுவருக்கும் இதில் ஒரு சங்கடம் இருந்தது. செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, நீதி சொல்லும் அரசன் யாரிடத்தும் கண்ணோடக் கூடாது என்று சொல்லிவிடுகிறார். மூன்று அதிகாரம் தாண்டி, கண்ணோட்டம் இல்லாத கண் கண்ணே அல்ல, முகத்தில் இருக்கும் புண் என்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? காரியம் கெடாமல் கண்ணோடத் தெரிந்தவருக்கே இந்த உலகம் உரியது என்று ஒரு குறளில் சமரசம் செய்கிறார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நண்பர் தம் கண்முன்னே நஞ்சை ஊற்றித் தந்தாலும் மறுக்காமல் குடித்து அமைவார் நாகரிகம் வேண்டுபவர் என்று அதிகாரத்தை முடிக்கிறார். பிறர் பக்கம் கண் ஓடுவதற்கு விலை உண்டு என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

இன்று அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. “அது உங்க கண்ணோட்டம் சார்” என்று ஒருவர் சொன்னால், தொலைக்காட்சி விவாதமானாலும் டீக்கடைப் பேச்சானாலும் அங்கே கதவு சாத்தப்படுகிறது. மரியாதை போலத் தோன்றும் இந்த வாக்கியத்துக்குள் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது: ஆளுக்கு ஒரு இடம், இடத்துக்கு ஒரு காட்சி, எல்லாம் சரி. சமயங்களைப் பற்றிப் பேசும்போது இதற்குச் சான்றாகக் குருடர்கள் யானை பார்த்த கதை வந்து நிற்கும்.

அந்தக் கதை பௌத்தர்களின் பாலி நூலான உதானத்தில் இருக்கிறது. சாவத்தி நகரத்து அரசன் பிறவிக் குருடர்களை வரவழைத்து யானையைத் தொட வைக்கிறான். காலைத் தொட்டவர் தூண் என்கிறார், காதைத் தொட்டவர் முறம் என்கிறார், கடைசியில் கைகலப்பு. அரசன் ரசித்துப் பார்க்கிறான். கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்த அரசனைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களில் ஒருவர் லெஸ்லி நியூபிகின். 1936-இல் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து, 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–ராமநாதபுரத்தின் பேராயர் ஆனவர். 1989-இல் வெளியான தம் நூலில் அவர் கேட்பது சுருக்கமாக இதுதான்: யானை முழுசாகத் தெரிந்தால்தானே மற்றவர்கள் குருடர்கள் என்று சொல்ல முடியும்? எல்லாச் சமயமும் ஆளுக்கொரு பகுதியைத் தொட்டிருக்கிறது என்று அடக்கத்தோடு சொல்பவர், தம்மை அறியாமலே அரசனின் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார்.

நியூபிகினுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. காஞ்சிபுரத்தில் ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் அமர்ந்து உபநிடதமும் விவிலியமும் மாறி மாறிப் படித்தவர் அவர். அந்த மடத்துக் கூடத்தில் மகான்களின் படங்களுக்கு நடுவே ஏசுவின் படமும் இருந்தது. ஏசுவையும் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மை அது என்று எவரும் சொல்வார்கள். அவர் கண்ணுக்கோ, ஏசு இன்னொருவர் கட்டிய வீட்டில் ஓர் அறைக்குள் வைக்கப்பட்டதாகப் பட்டது. நியூபிகினின் முடிவு வேறு. கிறிஸ்துவே இறுதி உண்மை என்பது அவர் நம்பிக்கை. அதை ஏற்காதவருக்கும் அவர் எழுப்பிய கேள்வி எளிதில் தீர்வதில்லை.

சமணர்கள் இந்தக் கேள்வியை முன்பே சந்தித்திருந்தார்கள். ஒரு பொருளைப் பற்றி எதைச் சொன்னாலும் ‘ஒரு வகையில்’ என்று பொருள்படும் ‘ஸ்யாத்’ என்ற சொல்லை முன்னால் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஸ்யாத்வாதம்; பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்னும் அநேகாந்தக் கொள்கையிலிருந்து பிறந்தது அது. எல்லாமே ஒரு வகையில்தான் என்றால் உங்கள் கொள்கையும் ஒரு வகையில்தானே என்று ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில் மடக்கினார். சமண ஆசாரியர் சமந்தபத்திரரின் துதி நூல் ஒன்றில் அதற்கு விடை இருக்கிறது: ஆமாம், அநேகாந்தமும் அநேகாந்தம்தான். சாமர்த்தியமான விடை. திருப்தியான விடையா என்பது வேறு.

தமிழ் மரபில் அந்தத் துதியைவிடச் சுவையான வேறொன்று நடந்திருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில் அதன் நாயகி வஞ்சி நகரத்தில் மாதவர் வேடம் பூண்டு சமயவாதிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், கடைசியில் பூதவாதி. காப்பியம் பௌத்தக் காப்பியம். அவள் எங்கே போய்ச் சேர்வாள் என்பது வாசகருக்குத் தெரியும். இருந்தும் ஆசீவகர் வாயால் அவருடைய ஐந்து வகை அணுக்கள் பற்றிய கொள்கையைக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் பொறுமையாகச் சொல்ல வைக்கிறார். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இரண்டு பகுதியாக எழுதினார்: பரபக்கம், சுபக்கம். பிறர் பக்கம் முதலில், தம் பக்கம் பின்னர். பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கி 14 மதங்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றையும் அந்த மதத்தவர் பேசுவது போலவே எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுப்பு தொடங்குகிறது.

இந்த ஒழுங்கால் விளைந்த பயன் விசித்திரமானது. ஆசீவகர்களின் சொந்த நூல் எதுவும் இன்று நம் கையில் இல்லை. ஏ.எல். பாஷம் 1951-இல் அவர்களுடைய வரலாற்றை எழுதியபோது, தென்னாட்டு ஆசீவகத்துக்கு அவர் பெரிதும் நம்பியது மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார் என்ற மூன்று தமிழ் நூல்களை. முதலாவது பௌத்தம், இரண்டாவது சமணம், மூன்றாவது சைவம். மூன்றும் ஆசீவகத்துக்கு எதிர்த்தரப்பு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி மறைந்துபோய், அதை மறுக்கப் பிறந்த நீலகேசியின் உரையில் அதன் துணுக்குகள் கிடக்கின்றன. எதிராளியின் நியாயத்தை அரைகுறையாகச் சொல்லிவிட்டு வெல்வது இவர்களுக்கு வெற்றியாகப் படவில்லை போலிருக்கிறது. “அது உங்க கண்ணோட்டம்” என்று நகர்ந்திருந்தால் இன்று ஆசீவகம் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஐரோப்பாவில் ‘பெர்ஸ்பெக்டிவ்’ ஓவியர்களின் சொல்லாகிக்கொண்டிருந்த காலத்தில் இதே சிக்கலை ஒரு கர்தினால் கையில் எடுத்தார். இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435-இல் ஓவியம் பற்றி எழுதிய நூல், பார்ப்பவரின் கண்ணை ஓர் இடத்தில் நிறுத்தி, கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் கூடும்படி வரைவதைக் கற்றுக்கொடுத்தது. 1453-இல் அந்தக் கர்தினால், கூசா நகரத்து நிக்கோலஸ், பவேரியாவின் டெகெர்ன்சே மடத்துத் துறவிகளுக்கு ஒரு படத்தை அனுப்பினார். எங்கிருந்து பார்த்தாலும் பார்ப்பவரையே நோக்கும் முகம் அது. நம் வீட்டு நாட்காட்டிகளில் சாமி படம் அப்படித்தான் பார்க்கும். படத்தைச் சுவரில் மாட்டிச் சுற்றி நில்லுங்கள் என்று எழுதினார். ஒவ்வொருவரும் அது தன்னை மட்டுமே பார்க்கிறது என்று எண்ணுவார். ஒருவர் கிழக்கிலிருந்து மேற்காக நடக்கட்டும். பார்வை கூடவே வரும். இன்னொருவர் எதிர்த்திசையில் நடக்கட்டும். எதிரே வருபவரிடம், ‘உன்னோடும் வருகிறதா’ என்று கேட்க வேண்டும். ‘ஆம்’ என்று அவர் சொன்னால் நம்ப வேண்டும். வேறு வழி இல்லை.

கிறிஸ்தவ நகரமான கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் வீழ்ந்த செய்தி வந்த ஆண்டும் அதுதான். அதே 1453-இல் நிக்கோலஸ் பல சமயத்தவரும் கூடிப் பேசுவதாக ஒரு நூலும் எழுதினார். அதில் கிறிஸ்தவமே கடைசியில் மேலோங்குகிறது. படத்தைக் கொண்டு துறவிகளுக்கு அவர் வைத்த சோதனை அந்த நூலைவிடத் துணிச்சலானது.

துறவிகளால் அந்தக் கூடத்தில் தடையின்றி நடக்க முடிந்தது. திருப்புன்கூரில், தீண்டாமையால் கோயிலுக்குள் நுழைய முடியாத நந்தனாருக்கு அந்த வசதி இல்லை. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அருகில் இருக்கும் அந்தச் சிவாலயத்தில் இன்றும் நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். வாயிலுக்கு வெளியே நின்று நேரே தரிசிக்க விரும்பிய திருநாளைப்போவார் என்ற அந்த நந்தனாருக்காகச் சிவன் காளையை விலகச் செய்தார் என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். தரிசனம் என்ற சொல்லுக்குக் காண்பது என்றும் பொருள், தத்துவம் என்றும் பொருள். இங்கே அது முழுக்க இடம் பற்றிய பிரச்சினை: கல் நகர்ந்தது, அவர் நின்ற இடம் வாயிலுக்கு வெளியேதான். பக்தி இலக்கியத்தை ரசிப்பவர்கள் கல் நகர்ந்ததைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். வாயில் நகராததைக் கேட்பவர்கள் பிந்தித்தான் வந்தார்கள்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாதய்யர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். அதுவரை உள்ளே விடப்படாத சாதியினர் அவர்கள்: தாழ்த்தப்பட்டோர் ஐந்து பேர், நாடார் ஒருவர். பின்னாளில் அமைச்சரான பி. கக்கன் அந்த ஐவரில் ஒருவர். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பார்கள்; அப்படிப் பார்வையால் காப்பவள் என்று பெயர் பெற்ற அம்மனின் கோயிலுக்குள் அன்று அவர்கள் நடந்து போனார்கள்.