கேலியின் முறை

ஒரே ஆட்டத்தின் ரசிகர்கள் இருவர் சண்டையிட்டால் தீர்த்துவைக்க ஸ்கோர் இருக்கிறது. ஹாக்கிக்காரரும் கிரிக்கெட்காரரும் மோதிக்கொண்டால் அதுகூட இல்லை. கோலையும் ரன்னையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆயினும் சிரிப்போடு நடப்பது இந்த இரண்டாவது சண்டைதான். ஏன் என்பது அற்பமான கேள்வியாக எனக்குப் படவில்லை.

கொங்கு நாட்டு உறவுமுறையில் இதற்கொரு விடை இருக்கிறது. மாமன் மச்சானைக் கேலி செய்யாவிட்டால் இங்கே குறை. பங்காளியிடம் அந்தச் சலுகை கிடையாது. பங்காளிகளுக்கு நடுவே ஒரு வரப்பு இருக்கிறது, கிணற்றில் முறைத்தண்ணீர் இருக்கிறது. ஒரு சொல் கூடிப்போனால் வழக்கு கோர்ட்டில் போய் நிற்கும். மச்சானோடு பிரித்துக்கொள்ளப் பாகம் ஏதுமில்லை. கொடுப்பதும் எடுப்பதும்தான் உண்டு. மானுடவியலாளர் ராட்கிளிஃப்-ப்ரௌன் 1940இல் கேலி உறவுகள் குறித்து எழுதிய கட்டுரையில், நெருங்கியும் விலகியும் நிற்கவேண்டிய உறவுகளில்தான் அவமரியாதைக்கு அனுமதி பிறக்கிறது என்கிறார். ஒருவன் சீண்டலாம், மற்றவன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

தோனியா கோலியா என்று வாதிடுகிறவர்கள் பங்காளிகள். அந்த வாதத்தில் நான் சிரிப்பைக் கண்டதில்லை. ஹாக்கிக்காரரும் கிரிக்கெட்காரரும் மச்சான்கள். "ஏனுங்க, அஞ்சு நாள் ஆடியும் ஆரும் செயிக்கலீங்களாமா?" என்று ஒருவர் கேட்கிறார். "உங்காட்டத்துல பந்து எங்க போச்சுன்னு ஆடறவனுக்கே தெரியாதுங்களே" என்று பதில் வருகிறது. இரண்டு குத்தலிலும் 'ங்க' இருக்கிறது. நம் ஊரில் அந்த 'ங்க' எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை; சாதி பார்த்தே மேல்நோக்கிப் போவது. மச்சான் முறையும் சாதிக்குள் அடங்கியது. கல்யாணம் நடவாத இடத்திலும் மச்சானைத் தேடித் தருகிறது மைதானம் என்பதால்தான் இந்தக் கேலியைப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் இந்த உறவு நிலைப்பதற்குக் கையிருப்பு இரு பக்கமும் வேண்டும். 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று ஹாக்கி உலகக் கோப்பையைப் பெற்றோம். அதே ஜூனில் லார்ட்ஸில் காவஸ்கர் 60 ஓவரும் நின்று, 174 பந்துகளில் 36 ரன் எடுத்தார். ஹாக்கிக்காரருக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைத்திருக்காது. 1980இல் நம் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோ தங்கம். பிறகு காற்று திசை மாறிற்று. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றோம். 1983 ஜூனில் கபில் தேவ் கோப்பையைத் தூக்கினார். அப்போதும் கேலி இருந்தது; முறை மாறிற்று, அவ்வளவே. 2008இல்தான் உறவு முறிந்தது என்பேன். ஐ.பி.எல். தொடங்கிய அந்த ஆண்டில் ஒலிம்பிக்கில் ஆடும் தகுதியே நம் ஹாக்கிக்குக் கிட்டவில்லை. அதன் பிறகு கிரிக்கெட்காரர் கேலி செய்வதை விட்டுவிட்டார். "பாவம், ஹாக்கி" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் 'பாவம்' வசையைவிடக் கொடியது. வசைக்குத் திருப்பிச் சொல்லலாம்; இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? மற்றவர் பதில் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு கேலியில் இருக்கிறது. அவரைச் சமமாக வைத்துத்தான் அதைப் பேச முடியும். இரக்கத்துக்குச் சமானம் தேவையில்லை.

2021இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் வந்தது. 2024இல் பாரீஸிலும் வெண்கலம். ஹாக்கிக்காரருக்கு மறுபடி வாய் திறக்க ஓர் இடம். ஆனால் பதக்கம் வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மேலே இருப்பவர் செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு: தம் ஆட்டத்தில் சிரிக்கத்தக்கதைத் தாமே எடுத்து எதிராளி கையில் கொடுப்பது. லார்ட்ஸின் அந்த 36ஐ ஹாக்கிக்காரர் மறந்திருந்தால், கிரிக்கெட்காரர்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.