ஸ்டான்லியில் போட்டி

ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938 முதல் இப்பெயரில் இயங்குகிறது. ஆண்டுக்கு 250 எம்.பி.பி.எஸ். இடங்கள், நீட் தரவரிசையில் முன்னால் நிற்பவர்களுக்கே கிடைக்கும். 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்களும் சேர்கிறார்கள்.

பள்ளியில் முதலிடமே பிடித்துப் பழகியவர் இங்கே கூட்டத்தில் ஒருவர். ஆனால் முதலாண்டில் போட்டி அவ்வளவாகத் தலைகாட்டாது. உடற்கூறியல் கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி ஒரு குழு: ஒருவர் கையேட்டை உரக்க வாசிக்க, ஒருவர் கத்தி பிடிக்க, மற்றவர்கள் நரம்பைத் தேடுவார்கள். தேர்விலும் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. அடுத்தவர் மதிப்பெண் யாருடையதையும் குறைப்பதில்லை. சீனியர்களின் குறிப்புகள் தாராளமாகக் கைமாறும். பின்னர் வார்டில், காசிமேட்டு மீனவர் தம் நோவைச் சொல்லும் பேச்சு அவ்வட்டார மாணவருக்கே சட்டெனப் பிடிபடும். அந்தத் திறமைக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை என்பது வேறு விஷயம்.

இறுதியாண்டு நெருங்கினால் நிலைமை மாறும். முதுநிலை நீட்டில் எல்லாமே தரவரிசை; நண்பர் ஒரு படி ஏறினால் மற்றவர் ஒரு படி இறங்க வேண்டியதுதான். கதிரியக்கவியல், பொது மருத்துவம் போன்ற பிரிவுகளின் இடங்கள் கலந்தாய்வின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.