கணக்கு வராதவர்களுக்கு ஒரு கணக்கு

கணக்கே வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டுச் சரித்திரமோ இலக்கியமோ படிக்க வந்த பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து, மறுபடியும் அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது நியாயந்தானா? கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன், கதை எழுதிப் பிழைக்கிறவன், உனக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். இதை நான் நீதியைப் பற்றிய கேள்வியாகவே பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

1957-ல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கெமனி, லாரி ஸ்நெல், ஜெரால்ட் தாம்ப்ஸன் என்ற மூவர் ஒரு பாடபுத்தகம் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குத் தெரிந்தால் போதும். கால்குலஸின் வாசலை மிதிக்க வேண்டாம். நிகழ்தகவும், அணிகளும், நேரியல் சமன்பாடுகளும் அதில் இருந்தன. உயிரியலும் சமூக இயலும் படிக்கிற மாணவர்களையும் மனத்தில் வைத்து எழுதிய புத்தகம் அது. கணிதத்தைப் பிரதான பாடமாக எடுக்காதவர்களுக்கென்று இப்படி ஒரு வகுப்பு அந்த நாட்டுக் கல்லூரிகளில் பிறகு சகஜமாகிவிட்டது.

அந்த வகுப்புக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு ருசிப்பதில்லை. வியாபாரத்துக்கு உதவுமாம், மூளைக்குச் சாணை பிடித்தாற்போல் இருக்குமாம். சாணை பிடிக்கச் சதுரங்கப் பலகை போதாதா? நான் காட்டும் காரணம் ஒரு தாயின் கதை.

இங்கிலாந்தில் ஸாலி க்ளார்க் என்று ஒரு பெண் வக்கீல் இருந்தாள். 1996-ல் அவளுடைய முதல் ஆண்குழந்தை தொட்டிலில் திடீரென்று இறந்தது. 1998-ல் இரண்டாவது குழந்தையும் அப்படியே போயிற்று. அவளே கொன்றாள் என்று வழக்கு. 1999-ல் விசாரணை நடந்தபோது, பிரசித்தி பெற்ற குழந்தை வைத்தியர் ஒருவர் கூண்டில் ஏறி ஒரு கணக்குச் சொன்னார். புகை பிடிக்காத, வசதியுள்ள இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறப்பது 8,543-ல் ஒன்று. ஆகவே இரண்டு குழந்தைகள் இறப்பது 8,543-ஐ 8,543-ஆல் பெருக்கினால் வருகிற தொகையில் ஒன்று, ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று! ஜூரிகளில் பத்துப் பேர் அவள் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை.

வைத்தியர் பெருக்கியதில் பிழை இல்லை. நீங்களும் பெருக்கிப் பாருங்கள், சரியாகவே வரும். பெருக்கலாமா என்பதுதான் கேள்வி. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் ஒன்று விழுந்த விதம் மற்றொன்றுக்குத் தெரியாது, அங்கே பெருக்கலாம். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே ரத்தத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே வீட்டில் உறங்கிய இரண்டு குழந்தைகள் நாணயங்களா? முதல் குழந்தையைக் கொண்டுபோன ஏதோ ஒரு குறை இரண்டாவதன் உடம்பிலும் இருந்திருக்கக் கூடாதா? ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளைத்தான் இப்படிப் பெருக்கலாம் என்பது அந்த ஆரம்ப வகுப்பிலேயே சொல்லித் தருகிற பாடம். இங்கிலாந்தின் ராயல் புள்ளியியல் சங்கம் 2001-ல் ஒரு பகிரங்க அறிக்கை வெளியிட்டு, இந்தத் தொகைக்கு ஆதாரமே இல்லை என்று கண்டித்தது.

இன்னொரு கோணலும் உண்டு. எனக்கு இதுதான் அதிக பயம் தருகிறது. 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்ற கணக்கைச் சரியென்றே வைத்துக்கொள்வோம். 'அப்படியானால் இவள் நிரபராதியாக இருப்பது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்றுதான்' என்று கேட்டவர் மனம் தாவிவிடும். அது வேறு, இது வேறு. பெற்ற தாய் இரண்டு சிசுக்களையும் அடுத்தடுத்துக் கொல்வது மட்டும் தினம் நடக்கிற காரியமா? அதுவும் அபூர்வந்தான். இரண்டு அபூர்வங்களில் எது பெரிய அபூர்வம் என்று தராசின் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தட்டில் மட்டும் கல்லைப் போட்டுவிட்டு, தராசு சாய்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

2003-ல் அவள் விடுதலையானாள். இரண்டாவது குழந்தையின் உடம்பில் கிருமி இருந்ததைக் காட்டும் பரிசோதனை முடிவு எதிர்க்கட்சிக்குக் கொடுக்கப்படாமல் போனதுதான் அதற்கு முக்கிய காரணம். பெருக்கல் கணக்கையும் மேல் கோர்ட்டார் கண்டிக்கத் தவறவில்லை. 2007-ல் நாற்பத்திரண்டாவது வயதில் இறந்துபோனாள்.

கணக்குப் புரொபசர்களாகப் பொறுக்கி ஜூரியில் உட்கார வைக்கிற வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. கடைக்காரரும், பள்ளி ஆசிரியையும், தபால்காரரும்தான் அங்கே உட்காருகிறார்கள். வக்கீலும் நீதிபதியும் பத்திரிகைக்காரனுங்கூடக் கணக்குக்குப் பயந்து வேறு பாடம் எடுத்தவர்களாக இருக்கலாம். பிறர் தலைவிதியை எழுதுகிறவர்கள் இவர்கள்தாம். அந்த வகுப்பு இவர்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

வைத்தியர்களை மட்டும் குறை சொல்வானேன் என்றால், 1978-ல் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சியைப் பாருங்கள். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி: ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிற நோய், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு 'உண்டு' என்று தவறாகச் சொல்லிவிடுகிற பரிசோதனை, ஒருவருக்கு 'உண்டு' என்று வந்தால், உண்மையில் நோய் இருக்க எவ்வளவு சாத்தியம்? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று சொன்னவர்களே அதிகம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். இதற்குச் சூத்திரம் வேண்டாம், தலைகளை எண்ணினால் போதும். ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்துங்கள். நோயாளி ஒருவர். மற்றவர்களில் சுமார் ஐம்பது பேருக்கு வீணாக 'உண்டு' என்று வரும். ஆக ஐம்பத்தொரு பேரில் ஒருவர், நூற்றுக்கு இரண்டு! மற்ற ஐம்பது பேரும் அன்றிரவு தூங்கியிருப்பார்களா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிமாரே அறிவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றவளும், சோறு ஒரே கொதியில் வெந்ததா என்று கவனித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பாள். வகுப்பில் இந்தக் கவனத்தை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் மந்திரம்போல் ஓதுவிப்பதானால், அந்த வகுப்பே வேண்டாம் என்பேன். பெருக்கத் தெரியாதவன் கூண்டில் ஏறிக் கணக்குச் சொல்ல மாட்டான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஏறுகிறான்.

நேரியல் கணக்கிலும் இதே சங்கதி உண்டு. 1945-ல் ஸ்டிக்ளர் என்ற பொருளாதார அறிஞர் 77 உணவுப் பண்டங்களை எடுத்துக்கொண்டு, ஒன்பது சத்துக்கள் குறையாமல் ஒருவன் ஒரு வருஷம் மிகக் குறைந்த செலவில் உயிர் வாழ வழி தேடினார். கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலை, உலர்ந்த அவரை. வருஷத்துக்கு 39 டாலர் 93 சென்ட் ஆயிற்று. வருஷம் முழுக்க யார் அதைச் சாப்பிடுவது? கணக்கின் பேரில் பிசகில்லை. நாக்கு என்று ஒன்று இருப்பதை நிபந்தனையாக அதனிடம் யாரும் சொல்லவில்லை. ரேஷன் கணக்குப் போடுகிற எந்த உத்தியோகஸ்தரும் இந்த ஒரு கணக்கையாவது படித்திருக்க வேண்டும்.

என் தொழில் இதற்கு நேர் விரோதமானது என்பதும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு தாயைக் காட்டி, தாய்மார் உலகமே இப்படித்தான் என்று வாசகரை நம்ப வைக்கிறவன் கதாசிரியன். ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் கதை செத்துப்போகும். ஆனால் ஸாலி க்ளார்க்கை அந்த ஒரு தொகை அழுத்தியபோது, அவள் பக்கம் நின்று பேசியவர்களில் அந்த வரிசையை நிறுத்தத் தெரிந்த கணக்கர்களும் இருந்தார்கள். கதாசிரியர்கள் கண்ணீர் விட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குட்டையை நீட்டியிருப்பார்.

அந்த வகுப்பின் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், 8,543 என்ற எண்ணைக் கொடுத்து, இரண்டு குழந்தைகள் என்று மட்டும் எழுதி, விடை காண்க என்பேன். பெருக்கி எழுதியவனுக்குப் பூஜ்யம். 'இரண்டும் ஒரு தாய் பிள்ளைகளா?' என்று விடைத்தாளில் திருப்பிக் கேட்டவனுக்கு முழு மார்க். பரீட்சை போர்டார் இதற்குச் சம்மதிப்பார்களா என்பது வேறு விஷயம்.