எழுத்தாணி நின்ற இடம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தூரத்துக் கோபுர கலசம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கண்ணில் இட்ட மை தெரிவதில்லை. மிக அருகிலிருப்பதே காணப்படாமற் போகும் என்பதற்கு இது திருஷ்டாந்தம்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் இளைஞர்கள் இதனை நன்கறிவர். புரோகிராம் பிழைபட்டால், எழுதியவர் நுட்பமான காரணங்களைத் தேடி இரவெல்லாம் விழித்திருப்பார். முடிவில் பார்த்தால் ஒரு புள்ளி விடுபட்டிருக்கும். பத்து முறை படித்தும் அது ஏன் தென்படவில்லை? அவர் படித்தது தாம் எழுதியதையன்று, எழுத நினைத்ததை.

இதனை அற்பமென்று தள்ளலாகாது. 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாஸா நிறுவனம் செவ்வாய்க் கிரகத்துக்கு 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தை அனுப்பிற்று. அதன் சிறு உந்துவிசைகளைக் கணக்கிட்ட தரைநிலையப் புரோகிராம் பவுண்டு அளவில் விடை தந்தது. அவ்விடையைக் கொண்டு பாதையைக் கணித்த புரோகிராமோ அதனை நியூட்டன் அளவென்று கொண்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். பாதை கணித்தவர்களுக்கு வழியிலேயே ஐயம் எழுந்தது. எனினும் அது முறைப்படி ஆராயப்படவில்லை. 1999 செப்டம்பர் 23-ஆம் நாள், சுமார் 226 கி.மீ. உயரத்தில் செவ்வாயை அணுகவேண்டிய கலம் 57 கி.மீ. அளவுக்குத் தாழ்ந்து, தொடர்பற்றுப் போயிற்று. கற்றறிந்தார் பலர் கூடியிருந்தும், பள்ளிப் பிள்ளை கேட்கும் 'எந்த அளவில்?' என்ற கேள்வி உரிய இடத்தில் கேட்கப்படவில்லை.

நம் பூர்வாசாரியர்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்ய, கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதிவந்தார். தாம் சொல்வது மனத்துக்கு இசையாவிடில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டுமென்பது ஆசாரிய நியமனம். ஜீவாத்மாவின் ஸ்வரூபம் அறிவுடைமை என்று உடையவர் அருளியபோது ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. எம்பெருமானுக்கே உரியவனாயிருத்தல் என்னும் சேஷத்வம் அங்கே சொல்லப்படவில்லை. நம் ஸம்பிரதாயத்தில் அது பால பாடமன்றோ! உடையவர் முதலில் முனிந்தார். பின்னர் தனித்திருந்து சிந்தித்து, ஆழ்வானை அழைத்து உகந்தருளினார் என்பது குருபரம்பரை வழியே நாம் கேட்டுவரும் வரலாறு.

ஸர்வஜ்ஞரான உடையவருக்கு மறதி ஏது? நமக்கு உணர்த்தவே இது நிகழ்ந்தது. எவ்வளவு கற்றவரும் தம் அருகில் எழுத்தாணியை நிறுத்தவல்ல ஒருவரை வைத்துக்கொள்ளவேண்டும். புரோகிராம் எழுதுவோரும் இவ்வழியை அறிவர். தோழர் ஒருவரிடம் வரிவரியாக விளக்கப் புகுந்தால், பாதி சொல்லும்போதே பிழை தமக்குத் தெரிந்துவிடுகிறது என்பர். தானே படித்த கிரந்தத்தையும் ஆசாரியன் திருமுன்பு அமர்ந்து காலக்ஷேபமாகக் கேட்கும் நம் வழக்கத்தின் பயனும் இதுவே.

நித்தியம் திருவாராதனம் செய்கிறோம். உத்ஸவங்களில் கைங்கரியம் செய்கிறோம். ஆயினும் மனம் அமைதியடையவில்லை. காரணத்தைக் கிரக நிலையில் தேடுகிறோம். பிறர் குணத்தில் தேடுகிறோம். முதல் வரியிலேயே 'நான்' என்று எழுதியிருப்பதை மட்டும் படிக்காமலே தாண்டிவிடுகிறோம்.

அதனைச் சுட்டிக்காட்டும் பாகவதரை முனியாத மனத்தை இந்த உத்ஸவ காலத்தில் எம்பெருமான் நமக்கு அருள்வானாக!

அடியேன்.