தோப்பு வீட்டில் துப்பாக்கி



சென்ற தை மாதம் கழுகுமலைத் தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துத் திரும்பும் வழியில், திருவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையே வன்னியம்பட்டியில் ஓர் இரவு தங்கினோம். வந்தவாசிப் பக்கத்திலிருந்து அரசுப் பணி நிமித்தம் தெற்கே வந்து, ஓய்வுக்குப்பின் சிறு தென்னந்தோப்பு வாங்கி அங்கேயே குடியமர்ந்த நம்மவர் ஒருவரின் இல்லம் அது. பொழுது சாயுமுன் உணவு முடிந்து திண்ணையில் அமர்ந்திருந்தபோது, அவர் மெல்லக் கேட்டார்.

“ஐயா, போன மாதம் நான் ஊரில் இல்லாத இரவில் இருவர் அரிவாளோடு தோப்புக்குள் புகுந்தார்கள். மோட்டார் கம்பியை அறுத்துக்கொண்டு, கதவருகே நின்று என் மனைவியை மிரட்டிவிட்டுப் போனார்கள். அன்று முதல் அவளுக்கு உறக்கமில்லை. இல்லறத்தானுக்கு விரோதி இம்சை விலக்கப்படவில்லை என்று தாங்களே பேசியிருக்கிறீர்கள். அப்படியாயின் நான் துப்பாக்கி உரிமத்துக்கு மனுச் செய்வதில் என்ன தோஷம்?”

அந்த அம்மையார் கதவுக்குப் பின்னே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு நான் தக்க விடை கூறவில்லை. அதை இங்கே கூற முற்படுகிறேன்.

முதலில் அவர் கூறியது மெய் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கல்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என இம்சையை நான்காகப் பகுத்த நம் ஆசாரியர்கள், இல்லறத்தார் முற்றிலும் விடவேண்டியது சங்கல்ப இம்சையையே என்றனர். உலை வைப்பதிலும் உழுவதிலும் நேரும் உயிர்க்கேட்டைப் போல, தாக்க வந்தவனைத் தடுக்கையில் நேர்வதும் அணுவிரதத்தை முறிப்பதில்லை. சிரவணபெளகொளவில் கோமடேசுவரரை எழுந்தருளச் செய்த சாமுண்டராயர் கங்கர்களின் படைத்தலைவர், சிராவகரும் ஆவார். மனைவியை அரிவாளுக்கு முன் நிறுத்திவிட்டு அகிம்சை பேசுகிறவன் விரதம் காக்கவில்லை, தன் உயிரையே காக்கிறான். இதில் எனக்கு ஐயமில்லை.

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே பேசுகிறது. 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் வகுத்த தற்காப்புரிமையை, 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் கொண்டுள்ளது. ஆனால் எல்லை உண்டு. தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. காவல் துறையை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் உயிர் போக்கும் அளவுக்கு உரிமை நீளும். வெறுந் தேங்காய்த் திருட்டுக்கு நீளாது. இருட்டில் தென்னை மரத்தடியில் அசையும் உருவம் இவற்றுள் எதற்கு வந்தது என்று, விசையில் விரல் வைத்தவன் எப்படி அறிவான்?

துப்பாக்கி வைத்திருத்தலோ வேறு வழக்கு. ஆயுதம் தாங்கும் உரிமையை அமெரிக்கர் 1791இல் தம் அரசமைப்பிலேயே எழுதிக்கொண்டனர். லிட்டன் பிரபு காலத்து 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை அவமதித்தது என்ற மனக்குறையால், 1931 கராச்சிக் காங்கிரசும் அவ்வுரிமையைத் தன் தீர்மானத்தில் சேர்த்தது. எனினும் சுதந்திர பாரதத்தின் அரசமைப்பில் அது இடம்பெறவில்லை. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி, உரிமம் பெற்று வைத்திருக்கும் ஒரு சலுகையே. ஒருவருக்கு மூன்று என்றிருந்த வரம்பும் 2019 திருத்தத்தால் இரண்டாயிற்று. பயிர்க்காப்புக்கென உரிமம் கேட்போரும் உண்டு. ஆனால் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்க, அந்த உரிமத்தைக் காட்டிக் காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. மலையடிவாரத்தார் இதை நன்கு அறிவர்.

இனி நம் தர்மத்தின் பக்கம் வருவோம். அன்பர் விரோதி இம்சையைச் சரியாகவே பிடித்தார். அநர்த்த தண்ட விரதத்தை மறந்தார். அதன் ஐந்து வகைகளுள் ஒன்று இம்சாதானம், அதாவது கொலைக்கருவி கொடுத்தல். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கோடரி, வாளோடு மண்வெட்டியையும் நெருப்பையும்கூட அந்த வரிசையில் வைத்தார். தமிழில் அருங்கலச்செப்பு அவ்வழி செல்வது. மண்வெட்டிக்கே இவ்வளவு எச்சரிக்கையா என்று இளமையில் நான் நகைத்ததுண்டு. கருவி ஒருவர் கையோடு நிற்பதில்லை என்பது பிறகே விளங்கிற்று. பெட்டியிலுள்ள துப்பாக்கி மகன் கைக்கும் போகும், மனமுடைந்த மருமகன் கைக்கும் போகும். வரப்புத் தகராறு முற்றிய நாளில் உரிமையாளர் கைக்கே வரும். திருடன் ஒருநாள் வரலாம், வராமலும் இருக்கலாம். கோபமோ அந்த வீட்டிலேயே குடியிருக்கிறது.

ஸ்ரீபுராணத்தில் பரதேசரும் பாகுபலியும் பொருத நிகழ்ச்சியை நினைவு கூருங்கள். சேனைகள் மடியாதிருக்க அமைச்சர்கள் கூடி, பார்வை, நீர், மல் ஆகிய மூன்று போரே போதுமென்று முடிவு செய்தனர். ஆயுதம் விலக்கிய போர் அது. மூன்றிலும் தோற்றார் பரதர். அக்கணமே அவர் நினைவு சென்றது சக்கராயுதத்திடம்! உடன்பாட்டை மறந்தார், தம்பி என்பதையும் மறந்தார். சக்கரம் பாகுபலியைத் தீண்டவில்லை என்பது அவருடைய புண்ணியம். பரதர் போன்ற ஷட்கண்டாதிபதி, பின்னாளில் கேவலஞானம் எய்திய மகான், அருகில் ஆயுதம் இருந்த காரணத்தால் அந்நிலைக்கு ஆளானார். கழுகுமலைப் பாறையில் கொடி படர்ந்த பாகுபலியும் இரு சகோதரியரும் நிற்கும் சிற்பத்தின் முன் அன்று காலைதான் இதை எண்ணி நின்றோம். மாலையில் இந்தக் கேள்வி வந்தது.

விரோதி இம்சை என்பது அந்தக் கணத்தில் வேறு வழியின்றி நேர்வது. மனு எழுதி, பணம் கட்டி, தோட்டா வாங்கி, மாதந்தோறும் துடைத்து எண்ணெயிட்டு, “வரட்டும், பார்க்கிறேன்” என்று காத்திருக்கும் மனத்தில் கலந்திருப்பதை வேறு பெயரால்தான் அழைக்க வேண்டும். உரிமம் பெற்றவர் எல்லாரும் அப்படியென்று நான் கூறவில்லை. ஆயினும் பாவ இம்சை, குண்டு வெடிக்கும்வரை காத்திராது என்பதை நம்மவர் அறிவார்களன்றோ!

அவ்வாறாயின் அந்த அம்மையாருக்கு என்ன வழி? இதற்கு விடை கூறாமல் தர்மம் மட்டும் பேசுவது எனக்கு உகந்ததன்று. அன்பருக்குக் கடிதம் எழுதியுள்ளேன். தோப்பு வீட்டுக்கு இரும்புக் கதவும், கிணற்றடியில் விளக்கும், பக்கத்துத் தோப்புக்காரர் இருவரோடு கூவினால் கேட்கும் ஏற்பாடும் செய்யச் சொன்னேன். அவர் வெளியூர் செல்லும் இரவுகளில் அம்மையார் ஊருக்குள் தங்கட்டும். நடந்த மிரட்டலைக் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர் இதுவரை கொடுக்கவில்லை என்பதே எனக்கு வருத்தம்.

நாயும் வளர்க்கலாம். 2005இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற வெண்ணிற இராஜபாளையம் நாய் அவ்வூர்ச் சொத்தல்லவா! ஆனால் பகலெல்லாம் சங்கிலியில் இறுக்கிக் கட்டுவதும் வேளைக்குச் சோறிடாமையும் அகிம்சாணுவிரதத்தின் அதிசாரங்களில் அடங்கும். ஆகவே குட்டி வாங்குமுன் வேலியைச் சீர்செய்யும்படி அடிக்குறிப்பாக எழுதினேன்.

பங்குனியில் பதில் வந்தது. கதவு வைத்தாயிற்றாம், புகாரும் கொடுத்தாயிற்றாம். மனு மட்டும் இன்னும் மேசை அறைக்குள் கிழிக்கப்படாமல் இருக்கிறதென்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அம்மையார் தம் கையால் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: நாய்க்குட்டி வந்துவிட்டது, இரவில் அதுதான் உறங்குவதில்லை என்று.