கரையில் விளக்கு

பேத்துப்பாறையில் கல்திட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தம்பி கேட்டான்: “ஏண்ணே எனக்குக் காசு குடுத்தே?” அவன் மாத்திரையை விட்டு அப்போது நாற்பது நாள். வலிக்காகத் தரும் மாத்திரை அது; கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அன்பினால் கொடுத்ததாகத்தான் நம்பியிருந்தேன். தோட்டத்து முதலாளியிடம் அவனுக்குக் காய்ச்சல் என்று சொன்னது, வாழைத்தார் விற்ற பணத்தில் அவன் கடனை அடைத்தது எல்லாம் அந்தக் கணக்கில்தான். கேள்வி எழுந்த பிறகே தெரிந்தது, ராத்திரியில் அவன் துடிப்பதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. அந்தக் காசில் என் தூக்கத்தையும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

போதையில் இருப்பவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியா என்பது பழைய பிரச்னை. பொறுப்பாளி என்கிறார் அரிஸ்டாட்டில். குடிக்காமல் இருந்திருக்க அவனால் முடியும் என்பதால் இரட்டைத் தண்டனையிலும் நியாயம் காண்கிறார். முதல் மாத்திரைக்கு இது பொருந்தலாம். ஐந்நூறாவதற்கு? அதற்குள் உடம்பே மருந்தைச் சார்ந்து இயங்கப் பழகிவிடுகிறது. நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, தூக்கமின்மை. வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒரே பிரக்ஞைக்குள் மல்லுக்கு நிற்கின்றன.

களித்தவனிடம் காரணம் சொல்வது நீரில் மூழ்கியவனைத் தீவிளக்கால் தேடுவதைப் போன்றது என்கிறார் வள்ளுவர். ஆனால் மூழ்கியவன் தலை மேலே வரும் நேரமும் உண்டு. அப்போது கரையில் விளக்கோடு ஓர் ஆள் வேண்டும்.

‘பட்டுத் திருந்தட்டும்’ என்றார்கள் ஊரில். சில நாள் விட்டவன் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுபோகலாம். திருந்துவதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையத்தில், நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. தம்பியைச் சேர்த்த இடத்திலும் என்னை உட்காரச் சொன்னார்கள். எனக்கென்ன வியாதி என்று கோபம் வந்தது. அவனுக்காகப் பொய் சொல்வது எனக்கும் பழக்கமாகியிருந்ததை அங்கேதான் ஒப்புக்கொண்டேன்.

காசை நிறுத்தினேன். பொய்யை நிறுத்தினேன். சோற்றை நிறுத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. மருத்துவரிடம் போகும்போதெல்லாம் கூடப் போனேன். ஒருமுறை மறுபடி விழுந்தான், மறுபடி போனோம். அதற்கப்புறம்தான் இந்த நாற்பது நாள்.

“பயந்துட்டேன்டா” என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “எனக்கு இப்பவும் பயமாத்தான் இருக்கு” என்றான். நாங்கள் இருவரும் பொய் கலக்காமல் பேசியது வெகுநாளைக்குப் பின் அன்றுதான்.