பரிசும் தகுதியும்

பரிசு என்பது தகுதியை அளக்கும் கோலா? அன்றித் தகுதி வளர்தற்கு இடப்படும் எருவா? இவ்வினாவிற்கு விடை காண விழைவோர், பிரான்சு நாட்டின் 'ரோமாபுரிப் பரிசு' கடந்து வந்த வழியை நோக்குதல் தகும்.

பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1663ஆம் ஆண்டில், அரசுக் கலைக்கழகம் இப்பரிசை ஏற்படுத்தியது. விவிலியத்திலிருந்தோ கிரேக்க, உரோமானியப் பழங்கதைகளிலிருந்தோ ஒரு நிகழ்ச்சி பொருளாகக் கொடுக்கப்படும். இறுதிச் சுற்றுக்கு வந்த மாணவர் தனித்தனி அறைகளில் அடைபட்டு, பிறர் துணையின்றி ஓவியம் தீட்டல் வேண்டும். வென்றவர் அரசின் செலவில் ரோமாபுரியில் சில ஆண்டுகள் தங்கிப் பயிலலாம். பொருள்வளம் இல்லா இளைஞர்க்கு இது எத்துணைப் பெரிய பேறு!

ழாக் லூயி தாவீத் என்னும் இளைஞர் இப்பரிசை நாடி மும்முறை தோற்றார். 1772இல் தோற்றபோது மனமுடைந்து, உண்ணாதிருந்து உயிர்விடவும் துணிந்தார். 1774இல் வெற்றி கிட்டியது. ரோமாபுரியில் கண்ட பழங்கலை அவருடைய தூரிகைக்குப் புதுநெறி காட்டிற்று. 1784இல் மீண்டும் அந்நகர் சென்று அவர் தீட்டிய 'ஹொரேஷியர் சூளுரை' அழியாப் புகழ் பெற்றது.

1772இல் நடுவர் தவறினர் என்று யான் கூறவில்லை. அவர்கள் தீர்ப்புச் சரியாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அது ஓர் ஓவியத்தைப் பற்றிய தீர்ப்பேயன்றி, ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பன்று. இவ்வேறுபாட்டை இளைஞர் உணரவில்லை; அதனால் உயிரையே இழக்க இருந்தார். பரிசு பெறாத தெலாக்ருவாவும் மனேயும் உலகப்புகழ் எய்தினர். பரிசு பெற்றோருள் பலரை இன்று கலைவரலாறு பயில்வோர் மட்டுமே அறிவர்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. 1903ஆம் ஆண்டு வரை பெண்கள் இப்போட்டியில் கலந்துகொள்ளவே இயலவில்லை. ஓவியப் பரிசை முதன்முதல் பெற்ற பெண்மணி ஓதெத் போவேர், ஆண்டு 1925. பரிசு தோன்றி 262 ஆண்டுகள் கழிந்திருந்தன! தோற்றவன் மறுமுறை முயலலாம்; வாயிலிலேயே தடுக்கப்பட்டவள் என் செய்வாள்? தவறாக அளப்பது பிழை. அளக்கவே மறுப்பது அநீதி.

1968இல், பண்பாட்டு அமைச்சர் அந்திரே மால்ரோ காலத்தில், இப்போட்டி முடிவுற்றது. ஆயினும் ரோமாபுரியின் மெதிசி மாளிகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட கலைஞர் இன்றும் தங்கிப் பணிபுரிகின்றனர். தரவரிசை மறைந்தது, வாய்ப்பு நிலைத்தது. பரிசின் உயிர் எதில் உள்ளது என்பதை இதுவே உணர்த்துகின்றது அன்றோ?

எனவே, பரிசளிப்போர் முதலில் வாயிலை அகலத் திறந்து வைப்பாராக. பெற்றோர் அதனைக் கடனெனக் கொண்டு உழைப்பாராக. பெறாதோர் தம்மைத் தாமே தள்ளுபடி செய்யாதிருப்பாராக. நடுவர் தீர்ப்பு ஒரு நாளுக்குரியது. மனிதனின் வளர்ச்சியோ வாழ்நாள் முழுமைக்கும் உரியது.